ஒளிச்சேர்க்கையும் உயிரணுச் சுவாசமும்: ஆய்வு வரலாறு

பசுந்தாவரங்களும் பாசிகளும் நீலப்பசும் பாக்டீரியாக்களும் சூரிய ஒளியைப் பிடித்து, நீரையும் கரியமில வாயுவையும் சர்க்கரையாக மாற்றி, ஆக்சிஜனை வெளிவிடுவது ஒளிச்சேர்க்கை. அந்தச் சர்க்கரையை ஆக்சிஜனோடு சேர்த்துப் படிப்படியாகச் சிதைத்து, அதில் பொதிந்துள்ள ஆற்றலைத் தன் வேலைகளுக்கு உயிரணு எடுத்துக்கொள்வது உயிரணுச் சுவாசம். செடிகளில் முன்னது பசுங்கணிகத்திலும் பின்னது பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியாவிலும் நடைபெறுகின்றன. பாடநூல்கள் இவ்விரண்டையும் வெவ்வேறு இயல்களில் வைப்பது வழக்கம். ஆய்வு வரலாற்றில் அவை அப்படிப் பிரிந்திருக்கவில்லை. ஒரே மனிதர்கள், பல நேரங்களில் ஒரே கண்ணாடிக் கலத்தைக் கொண்டு, இரண்டையும் ஆராய்ந்தனர். ஒன்றில் ஏற்பட்ட குழப்பம் மற்றதன் வழியாகத் தெளிந்ததும் உண்டு. ஆகவே இக்கட்டுரை இரண்டையும் சேர்த்தே கூறுகிறது.

தொடக்கக் கருத்துகள்

செடி தன் உணவை மண்ணிலிருந்து வேரால் உறிஞ்சிக்கொள்கிறது என்ற அரிஸ்டாட்டில் மரபுக் கருத்து ஐரோப்பாவில் ஏறத்தாழ 2000 ஆண்டுகள் நிலைத்தது. அதை முதலில் எடைபோட்டுப் பார்த்தவராகச் சொல்லப்படுபவர் பிரசெல்ஸ் பகுதியைச் சேர்ந்த மருத்துவர் யான் பாப்டிஸ்டா வான் ஹெல்மான்ட். உலர்த்திய மண் 200 பவுண்டு எடுத்து, அதில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, மழைநீரை அல்லது வாலைநீரை மட்டுமே ஊற்றினார். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் மரம் 169 பவுண்டும் ஏறத்தாழ 3 அவுன்சும் இருந்தது. மண்ணில் குறைந்தது சுமார் 2 அவுன்சு. மரம் முழுவதும் தண்ணீரிலிருந்தே உண்டானது என்று அவர் முடிவு செய்தார். இந்தச் சோதனை அவர் இறந்தபின் 1648இல் மகன் வெளியிட்ட நூலில்தான் அச்சேறியது. 15ஆம் நூற்றாண்டிலேயே குசா நகர நிக்கோலஸ் இத்தகைய சோதனையை எழுத்தளவில் முன்வைத்திருந்தார். வான் ஹெல்மான்ட் அதைப் படித்திருந்தாரா என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. கரி எரியும்போது ஒரு தனி வாயு வெளிப்படுவதைக் கண்டு அதற்குப் பெயரிட்டவரும் இவரே. தம் மரத்தின் பெரும்பகுதி அந்த வாயுவிலிருந்து வந்ததென்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

1727இல் ஸ்டீவன் ஹேல்ஸ் இலைகள் காற்றிலிருந்தும் ஊட்டம் பெறக்கூடும், ஒளிக்கும் அதில் பங்கு இருக்கலாம் என்று ஐயமாகக் குறிப்பிட்டார்.

காற்று ஆய்வாளர்கள், 1771–1804

இந்தத் துறையில் மிகுந்த பதிவுகள் உள்ள காலம் இதுவே. சோதனை செய்தவர்கள் நாள், கலத்தின் அளவு, செடியின் பெயர், தோல்வி என அனைத்தையும் எழுதிவைத்தனர்.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மதகுருவாக இருந்த ஜோசப் பிரீஸ்ட்லி முதலில் குடியிருந்த வீடு ஒரு பீர் ஆலையை ஒட்டி இருந்தது. நொதிக்கும் தொட்டிகளின் மேல் தேங்கி நிற்கும் காற்று எரியும் மரச்சிராய்களை அணைத்துவிடுவதை அங்கே கண்டார். காற்றைப் பற்றிய அவருடைய ஆர்வம் அதிலிருந்து வளர்ந்தது. மெழுகுவர்த்தி எரிந்து அணைந்த காற்றிலும், எலி மூச்சுவிட்டு மடிந்த காற்றிலும் மீண்டும் எதுவும் எரியாது, வாழாது என்பது அப்போது தெரிந்ததே. அப்படியானால் உலகத்தில் இத்தனை அடுப்புகளும் உயிர்களும் இருந்தும் காற்று ஏன் இன்னும் கெட்டுப்போகவில்லை என்பது அவருடைய கேள்வி. 1771 ஆகஸ்ட் 17 அன்று, மெழுகுவர்த்தி அணைந்த காற்றில் புதினாக் கொத்து ஒன்றை வைத்தார். அதே மாதம் 27ஆம் நாள் அந்தக் காற்றில் வேறொரு மெழுகுவர்த்தி நன்றாக எரிந்தது. கெட்ட காற்றை இரண்டாகப் பிரித்து ஒரு பங்கில் மட்டும் செடியை வைத்து ஒப்பிட்டும் பார்த்தார். வாசனைச் செடியின் மணமே காற்றைத் திருத்துகிறது என்ற ஐயத்தைப் போக்க வேறு செடிகளையும் முயன்றார். பசலை போன்ற ஸ்பினாச் கீரை மற்றவற்றைவிட விரைவாக வேலை செய்ததென்று குறித்திருக்கிறார். ஆயினும் பாடநூல்களில் நிலைத்தது புதினாதான்.

இதைக் கேள்வியுற்ற பெஞ்சமின் பிராங்க்ளின், வீட்டையொட்டிய மரங்களை வெட்டித்தள்ளும் வெறி இனியாவது அடங்கும் என்ற நம்பிக்கையைக் கடிதத்தில் தெரிவித்தார். 1773இல் ராயல் சொசைட்டி பிரீஸ்ட்லிக்குக் காப்லி பதக்கம் அளித்தது. 1774 ஆகஸ்டில் அவர் பாதரசச் சுண்ணத்தைச் சூடாக்கி, பின்னர் ஆக்சிஜன் எனப் பெயர்பெற்ற காற்றைப் பிரித்தார். சுவீடனின் கார்ல் ஷீலே இதை முன்பே செய்திருந்தார், ஆனால் அவருடைய நூல் 1777இல்தான் வெளிவந்தது. முதன்மை யாருக்கு என்ற வழக்கு இன்றும் எழுப்பப்படுகிறது.

புதினாச் சோதனையை எல்லோராலும் திரும்பச் செய்ய முடியவில்லை. செடிகள் காற்றைக் கெடுக்கவே செய்கின்றன என்று ஷீலே கண்டார். பிரீஸ்ட்லியே 1778இல் மீண்டும் முயன்றபோது முடிவுகள் மாறிமாறி வந்தன. கலம் எங்கே வைக்கப்பட்டது, வெயில் பட்டதா என்பதை யாரும் அதுவரை பொருட்படுத்தவில்லை.

அந்த முடிச்சை அவிழ்த்தவர் யான் இன்ஜென்ஹவுஸ். ஹாலந்தின் பிரேடாவில் பிறந்த மருத்துவர். 1768இல் ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசாவின் குடும்பத்துக்கு அம்மைப்பால் குத்தி அரசவை மருத்துவரானவர். (ஜென்னருக்கு முற்பட்ட முறை அது, அம்மைக் கொப்புளத்துச் சீழையே குத்தினர்.) 1779 கோடையில் லண்டனுக்கு வெளியே ஒரு நாட்டுப்புற வீட்டை வாடகைக்கு எடுத்து, மூன்று மாதத்திற்குள் 500க்கு மேற்பட்ட சோதனைகளைச் செய்து, அதே ஆண்டு நூலாக வெளியிட்டார். நீரில் மூழ்கிய இலைகளில் வெயில் பட்டால் குமிழிகள் எழுகின்றன, நிழலில் நின்றுவிடுகின்றன. பச்சைப் பகுதிகள் மட்டுமே இதைச் செய்கின்றன. வேரும் பூவும் கனியும் செய்வதில்லை. வேலை செய்வது வெயிலின் ஒளி, அதன் சூடு அன்று. இரவில் செடி முழுவதும் விலங்கைப் போலவே காற்றைக் கெடுக்கிறது. ஒளிச்சேர்க்கையும் தாவரச் சுவாசமும் ஒரே நூலில், ஒரே கோடையில் அடையாளம் காணப்பட்டன.

ஆனால் இரவுநேரக் கேட்டை இன்ஜென்ஹவுஸ் சற்று மிகைப்படுத்தினார் என்றே கூறவேண்டும். படுக்கையறையில் செடி வைக்கக் கூடாது என்ற அச்சத்துக்கு அவருடைய நூலே வித்து. இரவில் புளியமரத்தடியில் படுக்காதே என்ற நம் ஊர் வழக்குக்கும் இதையே விளக்கமாகச் சொல்வோர் உளர். செடி இரவில் விடும் கரியமில வாயு, பக்கத்தில் உறங்கும் ஒருவர் விடுவதைவிட மிகக் குறைவு. புளியமரம் திறந்த வெளியில் நிற்பது வேறு.

ஒளியின் பங்கை முதலில் கண்டது யார் என்பதில் இன்ஜென்ஹவுஸ், பிரீஸ்ட்லி, ஜெனீவாவின் ஜான் செனபியே மூவருக்கும் இடையே கசப்பான எழுத்துப்போர் நடந்தது. பிற்கால வரலாற்றாசிரியர் பலர் இன்ஜென்ஹவுஸ் பக்கமே சாய்கின்றனர். செனபியேயின் தனிப் பங்களிப்பில் ஐயமில்லை. கொதிக்கவைத்து ஆறிய நீரில் இலைகள் குமிழி விடுவதில்லை, கரியமில வாயு கரைந்த நீரில் விடுகின்றன என்று 1782இல் அவர் காட்டினார். அதாவது இலை அந்த வாயுவை உண்டுதான் ஆக்சிஜனை விடுகிறது.

இதே ஆண்டுகளில் பாரிசில் அந்துவான் லவுவாசியே மறுபக்கத்தை எடைபோட்டார். 1782–83 குளிர்காலத்தில் அவரும் லாப்லாசும் ஒரு கினிப் பன்றியைப் பனிக்கட்டியால் சூழ்ந்த கலத்தில் வைத்தனர். அதன் உடற்சூட்டால் உருகி வடிந்த நீரை அளந்தனர். அதே அளவு கரியமில வாயுவைத் தரும் கரியை எரித்தால் எவ்வளவு பனி உருகும் என்பதையும் கணக்கிட்டனர். இரண்டும் நெருங்கி வந்தன; முழுமையாகப் பொருந்தவில்லை. சுவாசம் மெதுவாக நடக்கும் எரிதலே என்று அவர்கள் சொல்ல அது போதுமானதாயிற்று. எரிதல் நுரையீரலில் நடக்கிறது என்று லவுவாசியே கருதினார். உடலிலிருந்து வெட்டியெடுத்த திசுவும் ஆக்சிஜனை ஏற்கிறது என்ற ஸ்பல்லன்சானியின் கண்டுபிடிப்பு, அவர் இறந்தபின் 1803இல் பிரெஞ்சில் வெளிவந்தது. மொழிபெயர்த்தவர் மேலே சொன்ன செனபியே. லவுவாசியே அதைக் காண இருக்கவில்லை. 1794 மே 8 அன்று கில்லட்டினில் தலை வெட்டப்பட்டார். பிரீஸ்ட்லியும் 1791 பர்மிங்காம் கலவரத்தில் வீட்டையும் ஆய்வுக்கூடத்தையும் தீக்கு இழந்து, மூன்றாண்டு கழித்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார்.

ஜெனீவாவின் நிக்கொலா-தியோடர் த சோசூர் 1804இல் இந்தக் காலத்தை முடித்துவைத்தார். நித்தியகல்யாணிக்கு உறவான வின்காச் செடிகளை அளவிட்ட கரியமில வாயுவுடன் மூடிய கலத்தில் வளர்த்து, உலர் எடையை நிறுத்தார். செடி ஏற்ற எடை, அது பிடித்த கரியின் எடையைவிட அதிகம். மிச்சம் தண்ணீரிலிருந்து வந்தது என்றார். வான் ஹெல்மான்ட் சொன்னது பாதி உண்மை என்பது இவ்வாறு எண்களால் தெளிந்தது.

காலையில் புளிக்கும் இலை

பொது வரலாறுகள் பெரும்பாலும் தவிர்த்துவிடும் ஒரு கிளைக்கதையை இங்கே சேர்ப்பது தகும். மொரேவியச் சமயப் பணியாளராகத் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராகப் பணியாற்றிய ஜெர்மானியர் பெஞ்சமின் ஹைனே, தம் தோட்டத்தில் நின்ற ஒரு செடியின் இலையை நாளின் வெவ்வேறு வேளைகளில் மென்று பார்த்தார். தமிழில் ரணகள்ளி என்றும், கட்டிப்போட்டால் குட்டிபோடும் என்றும் அழைக்கப்படும் செடி அது. காலையில் இலை நன்றாகப் புளித்தது, நடுப்பகலில் சுவையற்றுப்போனது, மாலையில் சற்றே கசந்தது. இதை லண்டனுக்குக் கடிதமாக எழுத, 1815இல் லின்னேயன் சங்க இதழில் அது அச்சாயிற்று. சதைப்பற்றுள்ள செடிகள் இரவில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை அமிலமாகச் சேமித்து, பகலில் துளைகளை மூடிக்கொண்டு அதைச் சர்க்கரையாக்குகின்றன என்பது 20ஆம் நூற்றாண்டில்தான் விளங்கியது. வறண்ட நிலத்தில் நீரைக் காக்கும் வழி இது. 1804இலேயே சோசூர் சப்பாத்திக்கள்ளியின் இரவுநேர வாயுப் பரிமாற்றத்தைக் கவனித்திருந்தார். 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் நெகமாயா குரூவின் எழுத்தில் இதற்கு முன்குறிப்பு உண்டு என்போரும் இருக்கின்றனர். நாக்கையே கருவியாகக் கொண்டு நாள்முழுதும் பின்தொடர்ந்தவர் ஹைனே. 1819இல் அவர் சென்னையில் காலமானார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு

பெல்லத்தியே, கவந்து இருவரும் பச்சையத்தைப் பிரித்துப் பெயரிட்டனர் (1817–18). ஹைல்பிரான் நகர மருத்துவர் ராபர்ட் மேயர், சாவகத் தீவுக்குக் கப்பல் மருத்துவராகச் சென்றபோது மாலுமிகளின் சிரை இரத்தம் எதிர்பாராத அளவு சிவந்திருக்கக் கண்டார். வெப்ப நாட்டில் உடல் குறைவாகவே எரிக்கிறது என்ற எண்ணத்தில் தொடங்கி ஆற்றல் அழியாமைக் கொள்கையை அடைந்தார். செடிகள் ஒளியாற்றலை வேதியாற்றலாக மாற்றிச் சேமிக்கின்றன என்பதை 1845இல் தம் செலவில் அச்சிட்ட நூலில் எழுதினார். யூலியஸ் சாக்ஸ் 1860களில் அயோடின் கொண்டு பசுங்கணிகத்தில் மாவுப்பொருளைக் காட்டினார். 1882இல் எங்கல்மான் பாசியிழையின் மேல் நிறமாலையை விழச்செய்து, ஆக்சிஜனை நாடும் பாக்டீரியாக்கள் சிவப்பிலும் நீலத்திலும் மொய்ப்பதைக் கண்டார். 1897இல் பூக்னர், உயிரற்ற ஈஸ்ட் சாறும் சர்க்கரையை நொதிக்கவைக்கும் என்று காட்டியபோது, சுவாசத்தின் படிகளைத் தனித்தனியே பிரித்தெடுக்கும் வழி திறந்தது.

வார்பர்க்கும் அவருடன் முரண்பட்டவர்களும்

பெர்லினின் ஓட்டோ வார்பர்க் இரு துறைகளிலும் 50 ஆண்டு ஆட்சி செய்தவர். அவருடைய கருவி, வாயுவின் அழுத்த மாற்றத்தை அளக்கும் மானோமீட்டர். ஆக்சிஜனை ஏற்கும் சுவாச நொதியில் இரும்பு உள்ளது என்று காட்ட அவர் கையாண்ட உத்தி அழகானது. கார்பன் மோனாக்சைடு அந்த நொதியை முடக்கும், ஒளி பட்டால் பிடி விடும். எந்த நிற ஒளிக்கு எவ்வளவு விடுகிறது என்று அளந்து, நொதியைக் கண்ணால் காணாமலே அதன் நிறமாலையை வரைந்தார். 1931இல் நோபல் பரிசு பெற்றார்.

கேம்பிரிட்ஜில் டேவிட் கெய்லின் வேறு வழியில் அங்கே வந்தடைந்தார். 1920களில் ஈஸ்ட் கரைசலை நிறமாலைக் கண்ணாடி வழியே பார்த்தபோது கருங்கோடுகள் தெரிந்தன. குலுக்கிக் காற்றேற்றினால் அவை மறைந்தன, வைத்தால் மீண்டன. சைட்டோகுரோம்கள் என்று அவற்றுக்கு 1925இல் பெயரிட்டார். இவற்றை 1880களிலேயே மருத்துவர் மெக்மன் கண்டிருந்தார். ஜெர்மனியின் பேரறிஞர் ஹோப்பெ-சைலர் மறுத்ததால் அது மறக்கப்பட்டது. மெக்மன் 1911இல் இறந்துவிட்டார். கெய்லின் தம் கட்டுரையில் அவருக்குரிய இடத்தை அளித்தார்.

ஒளிச்சேர்க்கையில் வார்பர்க் அவ்வளவு சரியாக இல்லை. ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு வெளிவர நான்கு ஒளித்துகள்கள் போதும் என்று 1923இல் அளந்தார். அவரிடமே பயின்ற அமெரிக்கர் ராபர்ட் எமர்சன் அளந்தபோது எட்டுக்கும் மேலே வந்தது. விளக்கு எரிந்த முதல் நிமிடங்களில் செல்கள் ஒருமுறை கரியமில வாயுவைக் கக்குகின்றன, மானோமீட்டர் அதையும் ஆக்சிஜனாக எண்ணிவிடுகிறது என்பது எமர்சனின் விளக்கம். 1948இல் வார்பர்க் இல்லினாய்க்கே வந்து எமர்சனின் ஆய்வுக்கூடத்தில் தங்கியும் வழக்கு தீரவில்லை. போர்க்காலத்தில் மன்சனார் முகாமில் அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்களோடு சேர்ந்து குவாயூலே ரப்பர் ஆய்வு நடத்தியவர் எமர்சன் என்பது பலரும் அறியாதது. 1957இல் அவர், சிவப்பின் இரு வேறு அலைநீளங்கள் சேர்ந்து பட்டால் விளைவு தனித்தனிக் கூட்டுத்தொகையை மிஞ்சுவதைக் கண்டார். இரண்டு ஒளியமைப்புகள் தொடராக இயங்குகின்றன என்ற இன்றைய சித்திரம் அதிலிருந்து எழுந்தது. 1959 பிப்ரவரியில் நியூயார்க் விமான விபத்தில் எமர்சன் இறந்தார். 1970இல் இறக்கும்வரை வார்பர்க் தம் கணக்கைக் கைவிடவில்லை. இன்று ஏற்கப்படும் எண் எட்டு முதல் பத்து வரை.

வெளிவரும் ஆக்சிஜன் கரியமில வாயுவிலிருந்து வருகிறதா, நீரிலிருந்தா என்ற கேள்வியிலும் வார்பர்க் தனித்து நின்றார். கந்தக பாக்டீரியாக்களை ஆராய்ந்த வான் நீல் 1931 அளவில் நீரே மூலம் என்று ஊகித்தார். அவை ஹைட்ரஜன் சல்பைடைப் பிளந்து கந்தகத்தை விடுவதுபோல், செடி நீரைப் பிளந்து ஆக்சிஜனை விடவேண்டும் என்பது அவர் வாதம். 1937இல் ராபின் ஹில், கரியமில வாயு இன்றியே பிரித்தெடுத்த பசுங்கணிகங்களிலிருந்து ஆக்சிஜனைப் பெற்றார். 1941இல் சாமுவேல் ரூபனும் மார்ட்டின் கேமனும் உள்ளிட்ட குழு கன ஆக்சிஜன் ஐசோடோப்பைக் கொண்டு நீரைச் சுட்டியது. அந்தச் சோதனை மட்டுமே முடிவானதா என்பதில் பிற்காலத்தில் ஐயம் எழுப்பப்பட்டதுண்டு, முடிவு மாறவில்லை.

கரியின் தடம்

ரூபனும் கேமனும் 1940 பிப்ரவரியில் பெர்க்லியில் கார்பன்-14ஐக் கண்டுபிடித்தனர். அதுவரை அவர்கள் கையாண்ட கார்பன்-11 இருபது நிமிடத்தில் பாதியாகிவிடும். புதியதற்கோ 5000 ஆண்டுகளுக்கு மேல். அதைப் பயன்படுத்த இருவருக்கும் வாய்க்கவில்லை. ரூபன் 1943இல் ஆய்வுக்கூடத்தில் பாஸ்ஜீன் நச்சுக்காற்றால் இறந்தார். கேமன் பாதுகாப்பு ஐயத்தின் பேரில் 1944இல் வேலையிழந்தார். மெல்வின் கால்வின், ஆண்ட்ரூ பென்சன், ஜேம்ஸ் பாஷம் ஆகியோரிடம் பணி சென்றது. தட்டையான கண்ணாடிக் குடுவையில் பாசிக்கு ஒளியூட்டி, கதிரியக்கக் கரியைச் செலுத்தி, சில நொடிகளில் கொதிக்கும் ஆல்கஹாலில் கொட்டி, தாள் நிறப்பகுப்பால் பிரித்தனர். கரி முதலில் மூன்று கார்பன் கொண்ட அமிலத்தில் தோன்றியது. 1954க்குள் சுழற்சி முழுமையாயிற்று. 1961 நோபல் பரிசு கால்வினுக்கு மட்டும் சென்றது. 1954இல் குழுவிலிருந்து வெளியேற்றப்பட்ட பென்சனின் பங்கு எவ்வளவு என்பது விவாதிக்கப்படுகிறது. ‘கால்வின்–பென்சன் சுழற்சி’ என்ற பெயர் இப்போது பரவலாகியுள்ளது.

கரும்பு இந்த வரைபடத்துக்கு அடங்கவில்லை. ஹவாய்க் கரும்பாய்வாளர்களும், மக்காச்சோளத்தில் சோவியத் ஆய்வாளர் கார்ப்பிலோவும் கரி நான்கு கார்பன் அமிலத்தில் முதலில் தோன்றுவதைக் கண்டனர். ஆஸ்திரேலியாவில் ஹாட்சும் சிலாக்கும் 1966இல் அந்த வழியை விளக்கினர். சோளம், கம்பு, கேழ்வரகு, தினை, சாமை, வரகு ஆகியன இந்த வகை. வெயிலும் வறட்சியும் மிகுந்த இடத்தில் இவை தாக்குப்பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நெல்லும் கோதுமையும் பயறுகளும் இவ்வகையல்ல.

ஆற்றல் நாணயமும் மிட்செலும்

சுவாசத்தில் வெளிப்படும் ஆற்றல் ஏடிபி என்ற மூலக்கூறில் தங்குகிறது. அதை 1929இல் ஜெர்மனியில் கார்ல் லோமனும், ஹார்வர்டில் சைரஸ் பிஸ்கே, எல்லப்பிரகட சுப்பாராவ் இருவரும் தனித்தனியே அறிவித்தனர். அச்சில் லோமன் சில வாரங்கள் முந்தினார். பழைய நூல்கள் அவர் பெயரை மட்டுமே சொல்கின்றன. சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். அறுவைக் கூடத்துக்குக் கதர் உடுத்திச் சென்றதால் அவருக்கு முழுப்பட்டம் மறுக்கப்பட்டது என்று அவர் வாழ்க்கை வரலாறுகள் கூறும். பாஸ்பரசை அளக்க அவரும் பிஸ்கேயும் 1925இல் வகுத்த முறை பல பத்தாண்டுகள் உயிர்வேதியியல் கூடங்களில் புழங்கியது.

ஷெஃபீல்டில் ஹான்ஸ் கிரெப்ஸ், புறாவின் மார்புத் தசையைக் கொண்டு சிட்ரிக் அமிலச் சுழற்சியை 1937இல் வகுத்தார். ‘நேச்சர்’ இதழ் இடமில்லை என்று அவர் கடிதத்தைத் திருப்பியது. 1953இல் நோபல் வந்தது.

சர்க்கரை உடைவதற்கும் ஏடிபி உண்டாவதற்கும் இடையிலான கண்ணி மட்டும் அகப்படவில்லை. ஏதோ ஓர் இடைப்பொருளைப் பலர் ஆண்டுக்கணக்கில் தேடினர். அப்படி ஒரு பொருளே இல்லை என்று 1961இல் பீட்டர் மிட்செல் கூறினார். எலக்ட்ரான்கள் சவ்வின் வழியே கைமாறும்போது புரோட்டான்கள் ஒருபுறம் தள்ளப்படுகின்றன. அணையில் தேங்கிய நீர் மதகு வழியே பாய்ந்து எந்திரத்தைச் சுற்றுவதுபோல் அவை திரும்பப் பாயும்போது ஏடிபி உண்டாகிறது. உடல்நலம் குன்றிய மிட்செல் பல்கலைக்கழகத்தை விட்டு, கார்ன்வாலில் ஒரு பழைய மாளிகையைச் செப்பனிட்டு, ஜெனிஃபர் மாய்லுடன் சிறு ஆய்வகம் அமைத்தார். கருத்துக்கு முதல் வலுவான சான்று செடியிலிருந்தே வந்தது. 1966இல் ஜாகன்டார்ஃப், யூரிபே இருவரும் பசுங்கணிகச் சவ்வுகளை அமிலத்தில் ஊறவைத்து, இருட்டிலேயே காரக் கரைசலுக்கு மாற்றினர். ஒளி இல்லாமலே ஏடிபி பிறந்தது. ஒளிச்சேர்க்கையும் சுவாசமும் ஒரே பொறியால் ஏடிபியை ஆக்குகின்றன என்பது உறுதியாயிற்று. 1978 நோபல் மிட்செலுக்கு. எதிர்த்தவர்களுள் ஒருவரான பால் பாயர், அந்த நொதி சுழல்கிறது என்ற விளக்கத்துக்காக ஜான் வாக்கருடன் 1997இல் பரிசைப் பகிர்ந்தார். அதே ஆண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் நொதியின் தண்டில் ஆக்டின் இழையை ஒட்டி, அது சுழல்வதை நுண்ணோக்கியில் படம் பிடித்தனர்.

அண்மைக் காலம்

ஒளி பிடிக்கும் மையத்தின் அமைப்பைக் கண்டதற்காக டைசன்ஹோஃபர், ஹூபர், மிக்கேல் மூவரும் 1988இல் நோபல் பெற்றனர். நீரைப் பிளக்கும் மாங்கனீசுத் தொகுதியின் நுண்படம் 2011இல் ஜப்பானிலிருந்து வந்தது. பச்சையத்தின் ஐந்தாம் வகை 2010இல் ஆஸ்திரேலியாவின் சுறா விரிகுடாப் பாறைப்பாசிகளில் கிடைத்தது. ஒளியாற்றல் குவாண்டம் அலையாகப் பரவுகிறது என்று 2007இல் எழுந்த கருத்து, பின்வந்த அளவீடுகளில் வலுவிழந்துள்ளது. நெல்லுக்குக் கரும்பின் வழியைப் புகுத்தும் பன்னாட்டுத் திட்டம் 2008 முதல் நடைபெறுகிறது. வயலுக்கு வரத்தக்க நெல் இதுவரை உருவாகவில்லை.